வறுமைக்கு மார்க் போட்ட ஞாயிற்றுக்கிழமை

என் ஆயுசில் நான் கை நீட்டி அடித்தது ஒரே ஒருத்தியைத்தான். பதினான்கு வயதுப் பெண். நான்காம் பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. கன்னத்தில் அடித்தேன், ஐந்து விரலும் பதிய. அடித்த வேகத்தில் அவள் காதில் செருகியிருந்த வேப்பங்குச்சி தெறித்துக் கரும்பலகைக்குக் கீழே போய் விழுந்தது. தோடு வாங்க வழியில்லாத வீடுகளில், குத்தின காது தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சியைச் சொருகி வைப்பார்கள். அந்தக் குச்சி என் கண்ணெதிரே சிமெண்டுத் தரையில் கிடந்தது. ஆனால் என் மேஜை மேலிருந்த நோட்டுப் புத்தகத்தில், என் கையெழுத்தில், அவள் வசதியான வீட்டுப் பெண். நான் நோட்டை நம்பினேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு. பி.டி. என்ற ஆசிரியர் பயிற்சி முடித்த சூடு ஆறவில்லை. திருச்சியில் ஒரு தனியார் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி வருவேன். உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டேதான் வருவேன், சீக்கிரம் இறங்கலாம் என்று. "இந்தப் பொண்ணு பஸ்ஸுக்கு முன்னாடி ஓடி வந்தா இன்னும் சீக்கிரம் வந்துரும்" என்று கண்டக்டர் கேலி செய்வார்.

பள்ளியில் கட்டும் கட்டணத்துக்கு அப்போதெல்லாம் சம்பளம் என்றுதான் பெயர். மாதம் பிறந்து பத்துத் தேதிக்குள் கட்ட வேண்டும். பதினொன்றாம் தேதி, கட்டாதவர்களின் பெயரை வகுப்பில் வாசிப்பார்கள். பெயர் வாசிக்கப்பட்டவள் எழுந்து வெளியே போய், கொடிக்கம்பத்தடியில் வெயிலில் நிற்க வேண்டும். மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளித்து மறுபடி நிறுத்துவார்கள். இதைக் கொடுமை என்று யாரும் சொன்னதில்லை. ஒழுங்கு என்றார்கள்.

ஏழைப் பெண்களுக்குச் சலுகை இல்லாமலில்லை. வகுப்புக்கு ஒரு முழுச் சலுகை. அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஜூன் மாதம் ஒரு நாள், அம்மாக்கள் எல்லோரும் பள்ளியின் செக்ரட்டரி வீட்டுப் பின்கட்டில் வரிசையில் நிற்க வேண்டும். அவர் காபி குடித்துவிட்டு வந்து ஒவ்வொருத்தியாகப் பார்ப்பார். யார் அதிகம் அழுதார்களோ, யார் காலில் விழுந்தார்களோ, யாருக்குச் சிபாரிசுக் கடிதம் இருந்ததோ, அவர்கள் பெண்ணுக்குச் சலுகை.

எனக்கு இது கேள்விப்பட்ட கதை இல்லை. வேறு ஒரு பள்ளியில், வேறு ஒரு செக்ரட்டரியின் பின்கட்டில், என் அம்மா விழுந்திருக்கிறாள். எனக்கு அப்போது பத்து வயது. பக்கத்தில் நின்றேன். அந்த மனிதர் கால் விரலால் அம்மாவின் தோளைத் தொட்டு, "எந்திரி, எந்திரி" என்றார். சலுகை கிடைத்தது. திரும்பி நடந்து வரும்போது பாலத்தின் நடுவில் அம்மா என் கையைப் பிடிக்க வந்தாள். அந்தக் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது. அம்மா பளீரென்று முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

ஆகவே ஆசிரியையான முதல் வருஷமே, ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், இது நியாயமில்ல. அழுகைக்கு எப்படி சார் சலுகை குடுக்கறது? அழத் தெரியாதவங்க என்ன செய்வாங்க?"

தலைமை ஆசிரியை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கீழே இழுத்தார். செக்ரட்டரி சிரித்தார். நல்ல மனிதர் போலத்தான் சிரித்தார்.

"சரிம்மா. நீ படிச்ச பொண்ணு. வேற எப்படிக் குடுக்கலாம், சொல்லு."

"வீடு வீடாப் போய்ப் பாக்கணும் சார். ஒவ்வொண்ணுக்கும் மார்க் போடணும். யாரு ரொம்ப ஏழைன்னு மார்க்கே சொல்லிரும்."

"அப்ப நீயே போய்ப் பாரு. இந்த வருஷம் உன் மார்க்குதான்."

தலைமை ஆசிரியை வெளியே வந்ததும், "உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை?" என்றார். நான் காதில் வாங்கவில்லை. என் கால் தரையில் பாவவில்லை.

அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். கூரை ஓலையா ஓடா, தரை மண்ணா சிமெண்டா, சாப்பிடும் வாய் எத்தனை, சம்பாதிக்கும் கை எத்தனை. பிறகு பொருள்கள்: நாற்காலி, கடிகாரம், சைக்கிள், ஃபேன், எவர்சில்வர். பொருள் இல்லையென்றால் மார்க் ஏறும், இருந்தால் இறங்கும். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த என் அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"நம்ம வீட்டுக்கு எவ்வளவு மார்க்?"

கணக்குப் போட்டேன். நாற்பத்தொன்று.

"அடடா, பாஸாயிட்டோம்" என்றான். "ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கணும்னா அந்த டேபிள் ஃபேனை விக்கணும் போல."

அவன் வாயை மூடச் சொல்லிக் கத்தினேன். இப்போது நினைத்தால், நான் கத்தாமல் கேட்டிருக்கலாம். அவன் சிரிப்பிலேயே எல்லாம் இருந்தது.

இன்னொரு விதியும் வைத்தேன். அதுதான் எனக்கு ரொம்பப் பெருமை. வீட்டுக்கு வரப்போவதை மட்டும் பெண்களிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன்: ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் உங்கள் வீட்டுக்கு வருவார். எதற்கு வருகிறேன் என்று எழுதவில்லை. எழுதினால் பொருளை ஒளித்து வைப்பார்கள் அல்லவா? காரணம் தெரியாவிட்டால் வீடு வீடாகவே இருக்கும். அப்படித்தான் நினைத்தேன்.

நான்காம் பாரத்துச் சலுகைக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். இரண்டு பேர் வீடும் காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரே சந்து. ஒருத்தியின் அப்பா வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். இன்னொருத்தியின் அப்பா அதே மண்டியில் கணக்குப்பிள்ளை.

மூட்டை தூக்குகிறவர் வீட்டுக்கு முதலில் போனேன். வாசலில் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலம். உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அறையின் நடுவில் ஒரு கைவைத்த தேக்கு நாற்காலி, பாலிஷ் மின்னியது. எதிர்ச் சுவரில் கடிகாரம், பித்தளைப் பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர், வாங்க. உக்காருங்க" என்று அவள் அம்மா முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். மூட்டையில் மாட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அதைக் கழற்றி மாடத்தில் வைத்திருந்தார்.

"நீங்களும் உக்காருங்களேன்."

"இருக்கட்டும்ங்க டீச்சரம்மா. நாள் முழுக்கக் குனிஞ்சே கெடக்கேன், கொஞ்சம் நிமிந்து நிக்கறேன்."

காபி எவர்சில்வர் டம்ளரில் வந்தது. விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது, மூன்று எழுத்து. நான் குனிந்து படிக்கவில்லை. பெயர் வெட்டி வைக்கும் அளவுக்குச் சொந்தப் பாத்திரம் என்று மனத்துக்குள் இன்னும் இரண்டு மார்க் குறைத்தேன். அப்படியும் ஒரு புத்திசாலித்தனம்.

"கடிகாரம் நல்லா ஓடுதா?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"ஓடுதுங்க" என்றார்.

மூலையில் நின்ற பெண், "டீச்சர், அது வந்து..." என்று ஆரம்பித்தாள். அவள் அம்மா பின்பக்கமாகக் கை விட்டு இடுப்பில் ஒரு கிள்ளுக் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. பெண் துள்ளினாள், வாயை மூடிக்கொண்டாள். பிள்ளை ஏதோ அதிகப்பிரசங்கித்தனம் பண்ணுகிறது, அம்மா அடக்குகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது கணக்குப்பிள்ளை வீடு, நான்கு வாசல் தள்ளி. இங்கே கோலமில்லை. அறை மொட்டையாகக் கிடந்தது. ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. அலுமினியச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். கணக்குப்பிள்ளை துண்டை இரண்டு கையிலும் முறுக்கியபடி, "உங்கள உக்கார வைக்க ஒரு நாற்காலிகூட இல்லீங்க" என்றார். குரல் தழுதழுத்தது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் இல்லைதான்.

சுவரில், சுண்ணாம்பு மங்கிப்போன இடத்துக்கு நடுவே, ஒரு நீளக் கட்டம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. மேலே ஆணி. ஏதோ மாட்டியிருந்து எடுத்திருக்கிறார்கள். பாவம், கடிகாரத்தைக்கூட விற்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வெள்ளைக் கட்டத்துக்காகவே ஐந்து மார்க் சேர்த்துப் போட்டேன்.

ஒரே காலை. ஒரே சந்து. ஒரு சுவரில் புதிதாக முளைத்த கடிகாரம், நான்கு வாசல் தள்ளி இன்னொரு சுவரில் கடிகாரம் இருந்த தடம். இரண்டையும் பார்த்த ஒரே ஆள் நான். சேர்த்துப் பார்க்கத் தெரியாத ஒரே ஆளும் நான்தான்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தாலும் சரி, பெரிய மனிதர் யாராவது வந்தாலும் சரி, அக்கம்பக்கத்தில் நாற்காலி இரவல் வாங்காத வீடு கிடையாது. வந்தவர் உட்கார்ந்திருக்கும்போது, "இது எங்களுது இல்லீங்க" என்று எவனும் சொல்ல மாட்டான். சொன்னால் உட்கார்ந்தவருக்கு அவமானம். இதெல்லாம் தெரிந்துதான் நான் வளர்ந்தேன். எங்கள் வீட்டிலேயே அண்ணனுக்குப் பெண் வீட்டார் வந்தபோது எதிர் வீட்டு பெஞ்சைத் தூக்கி வந்திருக்கிறோம். பி.டி. படித்ததில் அது மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் பட்டியலை ஒட்டினேன். மார்க்கை மட்டும் போட்டிருந்தாலாவது தேவலை. ஒளிவு மறைவு கூடாது என்று காரணங்களையும் எழுதினேன், அழகான கையெழுத்தில். தேக்கு நாற்காலி. சுவர்க் கடிகாரம். பெயர் வெட்டிய எவர்சில்வர். அதற்கு எதிரில்: பாய் ஒன்று, டிரங்குப் பெட்டி ஒன்று. கணக்குப்பிள்ளையின் பெண்ணுக்குச் சலுகை. மூட்டை தூக்குகிறவரின் பெண்ணுக்கு இல்லை.

முதல் மணி அடித்து நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போவதற்குள் நான்காம் பாரத்தில் கூச்சல். ஓடினேன். மூட்டை தூக்குகிறவரின் பெண், கணக்குப்பிள்ளையின் பெண்ணின் பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்து, அவள் முகத்தை பெஞ்சில் மோதிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை. இரண்டு. மூன்றாவது மோதலில் ஏதோ முறிகிற சத்தம். முன்பல். ரத்தம் மை மாதிரி பெஞ்சின் மைக்கூட்டுக் குழியில் தேங்கியது. மற்றப் பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறினார்கள். ஒருத்திக்கும் பிரித்துவிடும் தைரியமில்லை.

நான் அவளைத் தோளைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மூட்டை தூக்குகிறவரின் பெண்ணல்லவா, அந்த வலு. தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் விட்டாள்.

"ஏண்டி அடிச்ச? ஏன்?"

மூச்சு வாங்கியது அவளுக்கு. "அவளையே கேளுங்க டீச்சர்."

"நான் உன்னத்தான் கேக்கறேன். சலுகை கெடைக்கலன்னா? பொறாமையா? வீட்டுல நாற்காலியும் கடிகாரமும் வச்சிக்கிட்டு, இல்லாதவ வாய ஒடைப்பியா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் நாற்பது பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால், என் அப்பன் இரவல் நாற்காலியில் டீச்சரை உட்கார வைத்தான் என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. என் கை போய்விட்டது.

கணக்குப்பிள்ளையின் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விரலிடுக்கில் ரத்தம் வழிய, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அடித்தபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடி அவள் மேல் விழுந்தது போல.

அடிபட்டவள் குனிந்து வேப்பங்குச்சியைப் பொறுக்கினாள். பையை எடுத்தாள். நடந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள் இடைவேளையில், பெண்கள் எல்லோரும் மைதானத்தில் இருக்கும்போது, அவள் அப்பா வந்தார். தலையில் அந்தத் தேக்கு நாற்காலி, கால்கள் வானத்தைப் பார்க்க. அக்குளில் கடிகாரம். இடுப்பில் கொக்கி. காவல்காரன் மறித்தான். மார்பால் ஒரு இடி இடித்தார், காவல்காரன் செடிக்குள் விழுந்தான். நேரே கொடிக்கம்பத்தடிக்கு வந்து நாற்காலியை இறக்கினார். என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"டீச்சரம்மா, வாங்க. உக்காருங்க."

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"உக்கார மாட்டீங்களா? ஞாயித்துக்கெழம உக்காந்தீங்களே?"

கடிகாரத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அடித்தார். கண்ணாடியும் பல்சக்கரமும் மைதானம் முழுக்கச் சிதறின. பிறகு நாற்காலி. முதுகைப் பிடித்துச் சுழற்றிக் கொடிக்கம்பத்தில் மோதினார். ஒரு கால் பறந்தது. இன்னொரு தடவை. கைப்பிடி பிளந்தது. ஒவ்வொரு அடிக்கும் இரும்புக் கம்பம் மணி மாதிரி அதிர்ந்தது.

அப்போதுதான் வாசலில் கணக்குப்பிள்ளை தெரிந்தார். சந்திலிருந்து பள்ளிவரைக்கும் துரத்திக்கொண்டே வந்திருக்கிறார். செருப்பில்லை, வேட்டி அவிழ்ந்து ஒரு கையில். அறிவு, தந்திரம், பெண்ணின் படிப்பு, எல்லாம் அந்த நொடியில் மறந்துபோய், ஊருக்கே கேட்கும்படி அலறினார்.

"அய்யய்யோ! எம் நாற்காலிடா அது! எங்க மாமனார் சீர் குடுத்ததுடா! எங் கடியாரம்டா!"

மைதானமே நின்றது. தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் மண்ணில் கிடந்த கடிகாரக் கூட்டைப் பார்த்தேன். அதன் நீளமும் அகலமும் எனக்குத் தெரியும். ஒரு சுவரில் வெள்ளையாகப் பார்த்திருக்கிறேன்.

மூட்டை தூக்குகிறவர் உடைந்த காலைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களாம்மா? இப்பப் போடுங்க மார்க்கு."

கணக்குப்பிள்ளை அதற்குள் அவர் மேல் பாய்ந்துவிட்டார். ஒல்லி மனிதர். ஆனால் சீர் நாற்காலி போன வெறி. கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார், காதைக் கடித்தார். இருவரும் கண்ணாடித் தூளில் புரண்டார்கள். "வாங்கிட்டுப் போனியேடா, நாயே!" "குடுக்கச் சொல்லி நானாடா கேட்டேன்? உம் பொண்டாட்டி குடுத்தாடா! தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு நின்னியே!" எப்போது கொக்கி இடுப்பிலிருந்து கைக்கு வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளையின் வலது முழங்கையில் ஏறி அந்தப் பக்கம் வந்தது. கத்தல் அப்படியே நின்றது. இரண்டு பேரும் கொக்கியைப் பார்த்தார்கள், அது யாரோ மூன்றாவது ஆளுடையது போல. மூட்டை தூக்குகிறவர், "அய்யோ கணக்கரே" என்று அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அப்படித் தாங்கியிருக்கும்போதுதான் காவல்காரன் பின்னாலிருந்து தடியால் அவர் மண்டையில் போட்டான்.

செக்ரட்டரி வந்தார். போலீஸ் வந்தது. எல்லோரும் போன பிறகு அவர் அறையில் நான் நின்றேன்.

"சார், தப்பு என்னுது. பட்டியல மாத்திடறேன். அந்தப் பொண்ணுக்குத்தான் சலுகை குடுக்கணும்."

"எந்தப் பொண்ணு? பல்ல ஒடச்சவளா? அப்பன் கொக்கியோட வந்தவளா?" நிதானமாகத்தான் பேசினார். "ரெண்டு பேருக்கும் கெடையாது. அந்தப் பொண்ணுக்கு டி.சி. எழுதியாச்சு. அழுது வாங்கிட்டுப் போன காலத்துல இங்க ஒரு சொட்டு ரத்தம் விழுந்ததில்லம்மா."

வெளியே வந்தேன். என் பட்டியல் கண்ணாடிக்குப் பின்னால் அழகாக இருந்தது. முஷ்டியால் குத்தினேன். கண்ணாடி உடைந்து புறங்கை கிழிந்தது. தாளைப் பிய்த்து எடுத்தேன். மூன்று தையல். தழும்பு இருக்கிறது.

அந்த வருஷம் நான்காம் பாரத்துச் சலுகை, செக்ரட்டரி வீட்டுப் பின்கட்டில் போய் நின்ற ஒரு அம்மாவின் பெண்ணுக்குப் போனது. அவளும் ஏழைதான், அதையும் சொல்லியாக வேண்டும். நான் வேலையை விடவில்லை. விட்டுவிடுவேன் என்று வீட்டில் கத்தினேன். அண்ணன் கல்யாணக் கடன் இருந்தது. விடவில்லை.

கணக்குப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"எம் பொண்டாட்டிதான் குடுத்தா. டீச்சர் வர்றாங்க, வெறுந்தரையிலயா உக்கார வப்பேன்னு அந்தம்மா வந்து கேட்டுச்சு, இவ தூக்கிக் குடுத்துட்டா. நல்ல மனசோடதான் குடுத்தா. உங்க பள்ளிக்கூடச் சங்கதி எனக்குத் தெரியும், எதுக்கு வர்றீங்கன்னும் தெரியும். நாற்காலி வாசப்படி தாண்டும்போது பாத்தேன். தடுத்திருக்கலாம்."

"ஏன் தடுக்கல?"

"எனக்கும் பொண்ணு இருக்குல்ல."

துறையூர்ப் பக்கம் மனைவி பேரில் ஒன்றரை ஏக்கர் இருப்பதையும் அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. போலீசில் மட்டும் அவர் புகார் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டார். வழுக்கி விழுந்து கொக்கி குத்திக்கொண்டது என்றாராம். அப்படியும் மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்து மூட்டை தூக்குகிறவரைப் பிழிந்தெடுத்துத்தான் அனுப்பினார்கள். அப்புறம் இரண்டு பேரும் அதே மண்டியில்தான் வேலை பார்த்தார்கள். ஒருவர் மூட்டையை இறக்குவார், இன்னொருவர் இடது கையால் எழுதிக்கொள்வார். முகத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து சர்க்கார் உத்தரவு வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி முடியும்வரை சம்பளம் கிடையாது. பின்கட்டு வேண்டாம், மார்க் வேண்டாம், ஒரு தாளில் கையெழுத்து போதும். சுற்றறிக்கை படித்து முடிக்கவில்லை, நான் படியிறங்கி ஓடினேன். தலைமை ஆசிரியையிடம் அனுமதிகூடக் கேட்கவில்லை.

மண்டியில் மூட்டை தூக்குகிறவரின் பெண் குந்தி உட்கார்ந்து அழுகல் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். காதில் குச்சி அப்படியே இருந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள். நான் மூச்சிரைக்கச் சொன்னேன், சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினேன், செக்ரட்டரியே இனி ஒன்றும் செய்ய முடியாது, டி.சி.யை ரத்து செய்ய வைக்கிறேன், திங்கட்கிழமையே வா என்றேன். அவள் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"பேசி முடிச்சிட்டீங்களா டீச்சர்?"

"முடிச்சிட்டேன்."

எழுந்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அறைந்தாள்.

வெங்காயம் நாறும் கை. என் மூக்குக்கண்ணாடி எகிறிக் கூடைக்குள் போய் விழுந்தது. காது கொய்யென்றது. பெண்கள் ஓவென்று எழுந்தார்கள். அவள் அப்பா மூட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார். "அடியேய், டீச்சர் மேலயா கைய வக்கிற? கொன்னுருவேன்!" நான் குறுக்கே விழுந்தேன். ஓங்கிய கை என் தோளில் பாதி வேகத்தில் இறங்கியது. அதுவே போதுமாக இருந்தது. வெங்காயச் சருகின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"விடுங்க. அவள விடுங்க. நான் குடுத்ததுதான் அது."

அவர் திகைத்து நின்றார். கணக்குப்பிள்ளை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. அவள்தான் கூடையிலிருந்து என் கண்ணாடியை எடுத்து, பாவாடையில் துடைத்து நீட்டினாள். ஒரு பக்கம் விரிசல்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அடிச்சீங்க. அதான் நானும் எல்லார் முன்னாடியும்."

"சரிதான்."

"வந்தா, ரெண்டு வயசு சின்னதுங்களோட உக்காரணும்ல?"

"ஆமா."

"வீட்டுக்கு யாரும் வர மாட்டீங்கல்ல?"

"யாரும் வர மாட்டோம்."

"வரலாம்" என்றாள். "வந்தாத் தரையிலதான் உக்காரணும்."

மறுபடி குந்தி உட்கார்ந்து வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்தாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு அன்று ஒரு கேலியும் செய்யவில்லை. பாலத்தில் காற்று அடித்தபோது கன்னம் திகுதிகுவென்று எரிந்தது. அண்ணனிடம் பஸ் கம்பியில் மோதிக்கொண்டேன் என்றேன். "பஸ் கம்பிக்கு அஞ்சு விரலா?" என்றான்.

திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் கடைசி வரியில் அவள் பெயரை மையால் எழுதினேன். செக்ரட்டரி கையெழுத்துப் போடவில்லை இன்னும். எழுதிவிட்டேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். கடைசிப் பெயரை மட்டும் தலையை நிமிர்த்தாமலே கூப்பிட்டேன்.

"உள்ளேன் டீச்சர்" என்று கடைசி பெஞ்சிலிருந்து, சண்டைக்கு வருகிற குரலில், பதில் வந்தது.